படத்தில் ஒரு மனுஷனையும் காணோம்

ஓல்டன், சுவிட்சர்லாந்து.
கார்த்திகை மாதம், மூடுபனி.

அன்புள்ள மாமாவுக்கு,



போன வாரம் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல வாய் வரவில்லை. "ஏன்டா மாப்ள, மூணு வருஷமா படம் படமா அனுப்புற. ஆறு இருக்கு, மலை இருக்கு, மரப்பாலம் இருக்கு. ஒண்ணுலயாவது ஒரு மனுஷனைக் காணோமே! ஊரைக் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்களா, இல்ல நடுராத்திரில எழுந்து போய் எடுக்குறியா?" என்றீர்கள். பின்னாலிருந்து அத்தை சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. வாட்ஸாப்பில் பதில் போட்டால் நீங்கள் கண்ணாடி தேடுவதற்குள் பாப்பா அதை அழித்துவிட்டு பொம்மைப் படம் பார்க்கப் போய்விடும். அதனால்தான் கடுதாசி.

மாமா, அந்தப் படங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணிக்கு எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை கிடையாது. துணி துவைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக் கூடாது, 'டங்'கென்று சத்தம் வருமாம். மற்ற நாளில் போடலாம். அதிலும் வெள்ளைக் கண்ணாடி ஒரு பொந்தில், பச்சை ஒரு பொந்தில், காப்பி நிறம் ஒரு பொந்தில். வந்த புதிதில் நீலப் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறேன், எந்தப் பொந்துக்கும் அது மருமகனாகவில்லை.

ஓல்டனில் இருப்பது பத்தொன்பதாயிரம் சொச்சம் பேர். அரியலூர் டவுனைவிடச் சின்னது. ஆனால் இந்த நாட்டில் ஓல்டனைத் தெரியாத ஆள் கிடையாது, நம் பக்கத்தில் விழுப்புரத்தைத் தெரியாத ஆள் இல்லாத மாதிரி. பாசலிலிருந்து, சூரிச்சிலிருந்து, பெர்னிலிருந்து, லூசர்னிலிருந்து வருகிற வண்டி எல்லாம் இங்கே வந்து முட்டிக்கொண்டு போகும். "எங்கே குடியிருக்கீங்க?" என்று யாராவது கேட்டு நான் "ஓல்டன்" என்றால், உடனே முகம் மலரும். "ஓ, ஓல்டன்! நான் அங்கேதானே வண்டி மாறுவேன்!" ஸ்டேஷனை விட்டு வெளியே வந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். விழுப்புரத்தில் இறங்கி ஊர் பார்த்தவன் எவன்?

இந்த மாறிப்போகிற வசதியாலேயே சரித்திரமும் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. பாசல்காரனும் பெர்ன்காரனும் சங்கம் கூட்ட வேண்டுமென்றால், நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வரமாட்டேன் என்று இழுபறி. யாருடைய ஊரும் இல்லாத ஊர் ஓல்டன். எல்லோரும் ஸ்டேஷன் சாப்பாட்டுக்கூடத்தில் கூடி, தீர்மானம் போட்டு, கடைசி வண்டியில் வீடு போய்ச் சேரலாம். ஆல்ப்ஸ் மலை ஏறுகிறவர்களின் சங்கம் 1863-ல் தொடங்கியது அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில்தான். ஓல்டனில் ஏற ஆல்ப்ஸ் மலை ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். 1918-ல் நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தபோது அதை நடத்திய குழுவுக்கே ஓல்டன் கமிட்டி என்றுதான் பெயர். 1971-ல் பழைய எழுத்தாளர் சங்கத்தோடு சண்டைபோட்டு வெளியே வந்தவர்கள் ஆரம்பித்த புதுச் சங்கத்துக்கு குரூப்பே ஓல்டன். சண்டைக்கும் சமாதானத்துக்கும் ஜங்ஷன் நல்லது போல.

அந்த ஸ்டேஷனில் ஒரு பிளாட்பாரத்தில் ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த நாட்டு ரயில் பாதையின் தூரமெல்லாம் அந்தக் கல்லிலிருந்து அளக்கப்பட்டதாம். பூஜ்யம் கிலோமீட்டர். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கை தன்பாட்டில் மேலே போய்விட்டது, மாமா. காணாமல் போன சினைப்பசு கல்கம்பத்தில் பால் சொரிந்த நம்மூர்க் கோயில் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். கலியுகப் பெருமாளே கம்பமாக நிற்கிற ஊர்க்காரனுக்கு, நட்ட கல்லைக் கண்டால் கை சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற அம்மாள் மெதுவாக நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இனி மனுஷர்கள். உங்கள் கேள்வியே அதுதானே.

மனுஷர்கள் இருக்கிறார்கள், மாமா. வழியில் எதிர்ப்பட்டால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் "குரூயெட்சி" என்பார்கள். நம்மூர் "வாங்க" மாதிரி. ஆனால் வாங்க என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நம் ஊரில் புதிதாக ஒருத்தன் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடைக்கு வருவதற்குள் எந்த ஊர், யார் வீட்டுப் பையன், என்ன சம்பளம், கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகல என்று அஞ்சு கேள்வியும் முடிந்திருக்கும். இங்கே மூன்று வருஷமாக ஒரு ஆள் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. இந்தியா, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்பது மரியாதைக் குறைவாம். கேட்காததால் எனக்கு எவ்வளவு வாய் வலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பேசாத குறையைச் சீட்டு எழுதித் தீர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஆறு வீடு. வாஷிங் மிஷின் கீழே நிலவறையில் ஒன்றே ஒன்று. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று சுவரில் அட்டவணை. எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. ஆற்றுப் பாசன வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அதேதான். மடையை வெட்டித் திருப்ப முடியாது, அதுதான் வித்தியாசம். முதல் முறை நான் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு. முத்து முத்தான கையெழுத்து. 'மதிப்புக்குரிய அண்டைவீட்டாரே, துணி உலர்த்தும் எந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சு தங்கியிருந்தது. அடுத்து வருபவரின் பொருட்டு அதை அகற்ற வேண்டுகிறேன். அன்பான வணக்கங்களுடன்.' நம்மூர்க் குழாயடியில் "ஏய்"யில் ஆரம்பிக்கிற சண்டை, இங்கே அன்பான வணக்கங்களில் முடிகிறது. பஞ்சை மட்டும் தனியாக ஒரு சின்ன உறையில் போட்டுச் சீட்டோடு ஒட்டி வைத்திருந்தார்கள், சாட்சிக்கு.

எழுதியது கீழ்வீட்டு அம்மா. வயது எண்பத்து மூன்று. பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கடுதாசியில் மனுஷன் என்று வருகிற இடத்தில் பாதிக்கு மேல் அவர்தான்.

இரண்டாவது சீட்டு பழைய பேப்பர் பற்றி. பேப்பரை மூட்டையாகப் போடக் கூடாது. ஓரம் சமமாக அடுக்கி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, குறித்த நாளில் வாசலில் வைக்க வேண்டும். நான் கட்டியது பிரிந்து தெருவெல்லாம் பறந்திருக்கிறது. சீட்டோடு ஒரு கயிற்று உருண்டையும் வைத்திருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நெல் கதிரறுத்துக் கட்டின கை இது! அடுத்த தடவை தாத்தா கற்றுக்கொடுத்த மாதிரி முழங்காலை வைத்து அமுக்கி, கயிற்றை முறுக்கி, முடிச்சைச் செருகி, கட்டை உதைத்தால்கூட அசையாத மாதிரி கட்டி வைத்தேன். அந்த அம்மா ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. கையில் ஒரு கட்டுப் பேப்பர், கயிறு. "இன்னொரு தடவை செய்து காட்டுங்கள்." அதுதான் எங்களுக்குள் முதல் பேச்சு.

இந்த ஊர் சட்டதிட்டத்தை எல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. 2008-ல் ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: கினிப்பன்றி வளர்த்தால் ஒண்டியாக வளர்க்கக் கூடாது, துணைக்கு இன்னொன்று வேண்டும், தனிமையில் அது வாடிப்போகும். மூன்றாம் மாடியில் ஒண்டிக்கட்டையாகச் சோறு வடிக்கிற எனக்கு இப்படி ஒரு சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. அத்தையிடம் இதைப் படித்துக் காட்டாதீர்கள், உடனே ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம் பங்கர். சிரிக்காதீர்கள். இங்கே 1963-ல் வந்த சட்டப்படி, வீடு கட்டினால் அடியில் அணுகுண்டுக்குத் தப்பிக்க ஒரு அறையும் கட்ட வேண்டும், அல்லது பொதுவில் கட்டிய அறைக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு சாண் கனத்துக்கு கான்கிரீட் கதவு, கையால் சுற்றிக் காற்றிழுக்கும் எந்திரம், எல்லாம் உண்டு. நாட்டில் உள்ள ஜனத்தைவிட பங்கரில் உள்ள இடம் அதிகமாம். குண்டு விழவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒயின், பனிச்சறுக்குக் கட்டை, பழைய தொட்டில் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். என் பங்குக்கு இரண்டு மூட்டை பொன்னி அரிசி. சிமெண்ட் மாவட்டத்துக்காரன் என்பதால் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத கான்கிரீட்.

வந்த முதல் வருஷம், பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணி. வீட்டில் சாம்பார் கொதிக்கிறது. திடீரென்று ஊர் முழுக்கச் சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு ஓலம். எனக்கு ஏற்கெனவே ஒரு பயம் உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோஸ்கனில் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் குளிர்விக்கும் கோபுரம் 150 மீட்டர் உயரம். அதிலிருந்து வெள்ளை வெளேரென்று கிளம்புகிற ஆவியைப் பார்த்து, வந்த அன்றைக்கு நான் சிமெண்ட் ஆலை என்று நினைத்து ஊர் ஞாபகத்தில் கண் கலங்கியவன். அந்த அணுமின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் 1979, நம் அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் ஓட ஆரம்பித்ததும் 1979. அது சிமெண்ட் இல்லை என்று எப்போது தெரிந்தது என்றால், தபாலில் ஒரு மாத்திரை டப்பா வந்தபோது. அயோடின் மாத்திரை. அணு உலையைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் முன்ஜாக்கிரதையாக அனுப்பி வைப்பார்களாம். நான் தலைவலிக்கு என்று அலமாரியில் வைத்திருந்தேன்.

சங்கு ஊதியதும் அடுப்பை அணைத்தேன், மாத்திரை டப்பாவையும் பாஸ்போர்ட்டையும் எடுத்தேன், லுங்கியோடு மூன்று மாடி இறங்கி பங்கருக்குள் ஓடி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பெருமாளே, கலியுக வரதா, அம்மாவைப் பார்க்காமல் போய்விடுவேனா என்று அங்கே இருந்து ஒரு வேண்டுதல். பத்து நிமிஷம் கழித்துச் செருப்புச் சத்தம். கீழ்வீட்டு அம்மா, கையில் கூடையோடு. உருளைக்கிழங்கு எடுக்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார், மாத்திரை டப்பாவைப் பார்த்தார். "பிப்ரவரி முதல் புதன்கிழமை," என்றார். "ஒவ்வொரு வருஷமும் நாடு முழுக்கச் சோதித்துப் பார்ப்பார்கள். செய்தித்தாளில் வந்ததே." பிறகு எனக்கும் நாலு உருளைக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்தச் செய்தித் துணுக்கைக் கத்தரித்துக் கதவிடுக்கில் வைத்திருந்தார். அன்பான வணக்கங்களுடன்.

இந்தக் கதையை நம் ஆட்களிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று சாமான் கடைக்குப் போனேன். இங்கே நம் ஆட்கள் என்றால் யாழ்ப்பாணத்து ஆட்கள், மாமா. 1983-க்குப் பிறகு ஊரை விட்டு ஓடி வந்து, ஹோட்டல் அடுக்களையில் தட்டுக் கழுவி, இன்றைக்குக் கடையும் வீடும் கோயிலுமாக இருக்கிறார்கள். முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை எல்லாம் அவர்கள் புண்ணியத்தில்தான் கிடைக்கிறது. கடைக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தராசைப் பார்த்தபடியே சொன்னார்: "நாங்கள் பங்கர் வெட்டிக் களைச்ச சனம் தம்பி. வாடகையோட சேத்துத் தாற பங்கரை இஞ்சதான் கண்டனான்." வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

பேச்சு என்றதும் நினைவு வருகிறது. அவரிடம் முதல் நாள் போய், "அண்ணே, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது! கதைப்பதுதான் பேசுவது. புளி விலை கேட்கப் போனவன் சண்டைக்கு நின்றதாக ஆகிவிட்டது.

ஓல்டனை ஒட்டி டிரிம்பாக் என்று ஒரு கிராமம், நடக்கிற தூரம். அங்கே மனோன்மணி அம்பாள் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போவேன். ஒரு நாள் கோயில் முடிந்து ஊரைச் சுற்றியபோது இடுகாட்டில் ஒரு நினைவுக்கல் பார்த்தேன். பக்கத்து ஹவன்ஸ்டைன் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் போட்டபோது, 1857 மே 28-ஆம் தேதி உள்ளே தீப்பிடித்து வழி மூடிக்கொண்டது. மாட்டிக்கொண்டவர்களும் காப்பாற்றப் போனவர்களுமாக 63 பேர் செத்துப் போனார்கள். கல்லின் முன் நின்றபோது எனக்குத் தாத்தா சொல்கிற மருதையாறுதான் ஓடியது. 1956 நவம்பர் 23, விடிகாலை, மழை, பாலம் இற்று தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் இறங்கியது. 140 பேருக்கு மேல் போனார்கள். லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். வெற்றிலையை மடித்தபடியே "வண்டி போகணும்னா ஆள் போகணும் போல" என்பார் தாத்தா. வண்டி மூன்று நிமிஷம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்கிற இந்த ஊரில், அந்தப் பேச்சு அன்றைக்கு என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

சரி, ஓட்டுக் கதைக்கு வருகிறேன். இங்கே வருஷத்துக்கு நாலு தடவை ஓட்டு. ஆளைத் தேர்ந்தெடுக்க இல்லை, விஷயத்துக்கு ஓட்டு. வீட்டுக்கே ஒரு சின்னச் சிவப்புப் புத்தகம் வரும், இரண்டு பக்க நியாயமும் அச்சடித்து. கீழ்வீட்டு அம்மா அதை அடிக்கோடு போட்டுப் படிப்பார். 2018 நவம்பரில் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் தெரியுமா? மாட்டுக் கொம்புக்கு! இங்கே கன்றுக்குட்டியாக இருக்கும்போதே கொம்பைச் சுட்டுவிடுவார்கள். கொம்பை வெட்டாமல் விடுகிற விவசாயிக்கு அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று ஒரு மாட்டுக்காரர் லட்சம் பேர் கையெழுத்து வாங்கி நாட்டையே ஓட்டுப் போட வைத்துவிட்டார். 54.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று தோற்கடித்தார்கள். நான் மாட்டுப் பொங்கலைப் பற்றிச் சொன்னேன்: கொம்பைச் சீவி, ஒன்றுக்கு நீலம் ஒன்றுக்குச் சிவப்பு அடித்து, சலங்கை கட்டி, வாயில் பொங்கல் ஊட்டுவோம் என்று. அம்மா அசையாமல் கேட்டார். "நான் கொம்புக்குத்தான் போட்டேன்," என்றார்.

அப்போது ஜம்பமாக ஒன்று கேட்டுவிட்டேன். முதல் ஓட்டு எப்போது போட்டீர்கள்? அவருக்கு இருபத்தொன்பது வயதாகும் வரை ஓட்டே கிடையாதாம்! 1971 பிப்ரவரி 7-ஆம் தேதி, ஆண்கள் மட்டும் ஓட்டுப் போட்டு, சரி, பெண்களும் போடட்டும் என்று விட்டுக்கொடுத்தார்களாம். ஒரு மாநிலத்தில் உள்ளூர் ஓட்டுக்கு 1990 வரை இழுத்தடித்தார்கள். நம்ம பெரிய ஆயா, கைநாட்டு, 1952 தேர்தலிலேயே கட்டை வண்டி கட்டிக்கொண்டு போய்ப் போட்டதைச் சொன்னேன். "உங்கள் ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்," என்றார். பெரிய ஆயா செத்து இருபது வருஷம் ஆச்சு என்று சொல்ல மனம் வரவில்லை. படத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

கார்த்திகை பிறந்தால் இங்கே மூடுபனி இறங்கிவிடும். ஆரே ஆறு பச்சையாக ஓடுகிறதே, அது தெரியாது. 1803-ல் கட்டின மரப்பாலம் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். எதிர்வீட்டு ஜன்னல் தெரியாது. வாரக்கணக்கில் இப்படித்தான். ஓல்டன் என்றால் வண்டி மாறுகிற ஊர், அடுத்தது மூடுபனி ஊர், அவ்வளவுதான் வெளியூர்க்காரனுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜனங்கள் பஸ் பிடித்து ஹவன்ஸ்டைன் மேலே போய், பனிக்கு மேலே தலையை நீட்டி, ஒரு பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்வார்கள். சித்திரையில் கருங்கல் வெடிக்கிற அரியலூர் வெயிலுக்குப் பயந்து ஓடி வந்தவன், டிக்கெட் எடுத்துப் போய் வெயில் வாங்குகிறேன். காலக்கொடுமை.

பேசாத ஜனம், சத்தம் ஆகாத ஜனம் என்று சொன்னேனே. அதை அப்படியே திருப்பிப் போட ஒரு நாள் உண்டு. மாசி வாக்கில் ஃபாஸ்நாக்ட் என்று ஒரு திருவிழா. வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணி, கும்மிருட்டு. தகரம், சட்டி, மாட்டு மணி, கொம்பு, எது கிடைக்கிறதோ அதைத் தட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓட்டம். குளிர்காலப் பேயை விரட்டுகிறார்களாம். முந்தின மாதம்தான், ராத்திரி பத்து ஐந்துக்கு நான் மிக்ஸி போட்டதற்கு ஒரு சீட்டு வந்திருந்தது. இப்போது ஜன்னலைத் திறந்து பார்த்தால், வெள்ளைச் சட்டை, முனையில் குஞ்சம் வைத்த தொப்பி, கையில் வாணலியும் கரண்டியும்: கீழ்வீட்டு அம்மா! போகிக்கு விடியற்காலை மேளம் தட்டினவன் நான், விடுவேனா? குக்கர் மூடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஏழு மணிக்கு எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு, மாவு சூப் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எட்டு மணி வண்டிக்கு நின்றார்கள்.

அன்றைக்குத்தான் அவர் ஒரு குவளை ஒயினை நீட்டி, "இனிமேல் நீ என்றே கூப்பிடு" என்றார். இங்கேயும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. வயதில் பெரியவர் வாய்திறந்து சொன்னால்தான் நீ போடலாம். அதுவரைக்கும் பத்து வருஷமானாலும் நீங்கள்தான். ஒயினை உதட்டில் வைத்த மாதிரி வைத்துவிட்டுக் கீழே வைத்தேன், அத்தை தலையில் சத்தியம். டீச்சரம்மாவைப் போய் நீ என்பதா என்று முதலில் கூச்சம். அப்புறம் யோசித்தேன், நம் ஆயாவை நான் என்ன நீங்கள் என்றா கூப்பிடுகிறேன்? அதன்பிறகு தடங்கல் இல்லை.

இவர்கள் மொழியும் நம் கதைதான். எழுதுவது ஒரு ஜெர்மன், பேசுவது வேறு ஜெர்மன். வகுப்பில் காசு கட்டி நான் படித்தது எழுதுகிற பாஷை; கடையில் போய்ப் பேசினால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். வெளியூர்க்காரனைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிச் சோதிப்பார்கள்: ஹுஹிஹெஷ்ட்லி. அடுக்களை அலமாரி என்று அர்த்தம். தொண்டையில் மீன்முள் சிக்கினால் சரியாக வரும். கீழ்வீட்டு அம்மா அப்படிச் சோதித்தபோது நான் பதிலுக்கு, "எங்கே, நீ கல்லங்குறிச்சி சொல்லு" என்றேன். 'கலங்குரிசி'க்கு மேல் ஏறவில்லை. அப்போதுதான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டார்: "அது என்ன?"

எங்க ஊர் என்றேன். மாமா, அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. பெருமாள் கோயில், ராமநவமிக்குக் கொடியேறினால் பத்து நாள், தேர், முதல் விளைச்சலை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிற ஜனம், சுண்ணாம்புக்கல் சுரங்கம், வெடி வைத்தால் அதிர்கிற ஜன்னல், லாரி, புழுதி. சுண்ணாம்புக்கல் என்றதும் அந்த அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். நத்தை மாதிரி சுருண்ட ஒன்று, கையளவு. இந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல்தானாம், யூரா மலை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஜுராசிக் காலம் என்று படித்தோமே, அந்தப் பெயரே இந்த மலையிலிருந்து எடுத்ததுதானாம். இங்கிருந்து ஆராவ் தாண்டிப் போனால் ஹோல்டர்பாங்க் என்று ஒரு கிராமம். 1912-ல் அங்கே ஆரம்பித்த சிமெண்ட் கம்பெனிதான் இன்றைக்கு ஹோல்சிம். ஏசிசி, அம்புஜா இரண்டையும் வைத்திருந்து 2022-ல் அதானிக்கு விற்றார்களே, அவர்களேதான். சுண்ணாம்புப் புழுதிக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவன், சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் வந்து விழுந்திருக்கிறேன்.

நான் சொன்னேன், எங்கள் ஊரிலும் சுரங்கத்தில் சிப்பி சிப்பியாக வரும், சின்ன வயதில் அதை வைத்துத்தான் ஆடுபுலி ஆடுவோம் என்று. அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நேற்று கதவிடுக்கில் சீட்டு. பஞ்சு பற்றி இல்லை. நகராட்சி நூலகத்தில் போய்த் தேடியிருக்கிறார். 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் நம் பக்கத்துப் பாறையை எல்லாம் ஆராய்ந்து எழுதியதிலிருந்து, அரியலூர் என்று ஒரு பாறைக்கூட்டத்துக்கே பெயர் நிலைத்திருக்கிறது. அதில் ஒரு அடுக்குக்குக் கல்லங்குறிச்சி அடுக்கு என்று பெயர்! ஏழு கோடி வருஷத்துக் கடல், மாமா. நாம் ஆடுபுலி ஆடின கல் எல்லாம் அந்தக் கடலில் கிடந்த சிப்பி. 'மதிப்புக்குரிய' என்பதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதி, கீழே கல்லங்குறிச்சியை நான் சொல்லிக்கொடுத்தபடி ஜெர்மன் எழுத்தில் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தார். ற-வுக்கு மட்டும் இரண்டு தடவை அழித்துத் திருத்தியிருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: அந்தச் சிப்பியைப் பார்க்க முடியுமா?

அதற்குத்தான் மாமா இந்தக் கடுதாசி. அனுப்ப வேண்டாம், இடத்திலேயே இருக்கட்டும், வாரணவாசி மியூசியத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள். நம் கொல்லைச் சுவரில், மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில், பெருவிரல் நகம் மாதிரி வளைந்து கனமாக ஒன்று பதிந்திருக்குமே, தாத்தா சுவர் எடுக்கும்போது வைத்தது. அதைப் பாப்பாவை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு அஞ்சு ரூபாய்க் காசை வைத்து எடுக்க வேண்டுமாம், அளவு தெரிவதற்கு. காசு நழுவினால் நீங்கள் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விரல், கை, மீசை, பின்னால் நிற்கிற மாடு எது விழுந்தாலும் வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள்.

மணி இரண்டே முக்கால். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு என் முறை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்.

பின்குறிப்பு: வெங்காய வடகம் தீர்ந்துவிட்டது. அத்தையிடம் சொல்லவும். கீழ்வீட்டுக்கும் சேர்த்து.